ஆரையம்பதியில் ஒரு நிரந்தர முகவரி

அந்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து வருகிற பஸ்களில்தான் கூட்டம். போகிற பஸ்ஸில் விரும்பிய இடத்தில் உட்காரலாம். சுனாமி அடித்து இரண்டு வருடம் தாண்டியிருந்தது. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் கைநழுவி, வாகரைப் பக்கம் பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. பதினைந்து பதினாறு வயதில் பிள்ளை வைத்திருந்தவர்கள், ஆயுதக்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, கொழும்பில் தெரிந்தவர் தெரியாதவர் வீடுகளிலெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். என் மகளுக்கும் பதினாறு வயது. அவளைப் பத்திரமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் விட்டுவிட்டு, அவளுடைய பெயரை மட்டும் மட்டக்களப்பில் கொண்டுபோய் வைப்பதற்காகப் போனேன்.

விஷயத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கத்தாரில், தோகா நகரத்தில் ஒரு கட்டடக் கம்பனியில் ஸ்டோர் பொறுப்பாளர். மகள் அபிராமி பதினொராம் வகுப்புச் சோதனையான சாதாரண தரம் எழுதி முடித்து, டாக்டராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இலங்கையில் பல்கலைக்கழக இடங்களை மாவட்டம் மாவட்டமாகப் பங்கு வைப்பார்கள். கொழும்புப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்கத் தேவையான புள்ளி மட்டக்களப்புப் பிள்ளைக்குத் தேவையில்லை. அங்கே ஆசிரியர் குறைவு, ஆய்வுகூடம் குறைவு, சண்டை மட்டும்தான் தாராளம். அதனால்தான் அந்தச் சலுகை. என் மகளின் விஞ்ஞானம் கொழும்புக்குக் காணாது என்பது எனக்கும் தெரியும், அவளுடைய டியூஷன் மாஸ்டருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் படிப்பிப்பதற்கும் விசாரித்துப் பார்த்தேன். தோகாவில் வெள்ளிக்கிழமை பிரியாணிக்குக் கூடினால் எங்களுக்குப் பேச்சே அதுதான். பங்களாதேஷ் என்ன விலை, ரஷ்யா என்ன விலை, சீனா என்ன விலை என்று ஆளாளுக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சந்தை விசாரிப்போம். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் இனிமையாக, “எந்த ஸ்டேட் சார்?” என்று கேட்டாள். இலங்கை என்றேன். “அப்ப ஃபாரின் கோட்டா சார்” என்று ஒரு தொகையைச் சொன்னாள். அவர்களுடைய ஊர்ப் பிள்ளை கட்டுவதைவிட எத்தனையோ மடங்கு. அந்தக் காசைக் கட்டி முடிப்பதற்கு நான் எழுபது வயதுவரை பாலைவனத்தில் சீமெந்து மூட்டை எண்ண வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னார்: “உங்கட மனிசியின்ர ஊர் மட்டக்களப்பு எண்டெல்லோ சொன்னனீங்கள்? பிறகென்னத்துக்கு அண்ணை கஷ்டப்படுறியள்? பேரை அங்கத்தைப் பள்ளிக்கூடத்தில போடுங்கோ. பிள்ளை கொழும்பில டியூஷனுக்குப் போகட்டும். சனம் செய்யிறதுதானே.” சனம் செய்கிறது என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இரண்டு கிழமை லீவு எடுத்தேன்.

பொலன்னறுவை தாண்டியதும் இறக்கி ஏற்றுகிற வேலை தொடங்கியது. பஸ் முன்னால் போய் நிற்கும், நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து போய் மேசையில் கொட்டிக் காட்டி, திரும்ப அடுக்கி ஏற வேண்டும். இரண்டாவது தடவையிலேயே என் பையின் ஸிப் பிய்ந்துவிட்டது. மூன்றாவது சோதனையில் ஒரு சின்ன வயதுச் சிப்பாய் என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்: “கொழும்பு விலாசம். இந்த நேரத்தில் ஏன் அங்கே போகிறீர்கள்?” வீடு இருக்கிறது என்றேன். அவன் பக்கத்தில் நின்றவனிடம், “எல்லோரும் அங்கிருந்து ஓடி வருகிறார்கள், இவர் வீடு பார்க்கப் போகிறாராம்” என்று சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிய்ந்த பையைக் கட்ட அவனே ஒரு துண்டு நைலோன் கயிறு தந்தான்.

ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாதையில்தான் போக வேண்டும். ரயில் வரப்போகிறது என்று எங்களை நிறுத்தினார்கள். ரயில் வருவதாக இல்லை. பக்கத்து இருக்கையில் வந்தவர் காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும். இறங்கிப் போய் முட்டை ரொட்டி இரண்டு வாங்கிவந்து, ஒன்றை நான் மறுக்க மறுக்க என் மடியில் வைத்தார். நான் கத்தாரில் இருக்கிறேன் என்றதும் மனிதர் குளிர்ந்துபோனார். அவருடைய தம்பி சவூதியில், மைத்துனர் குவைத்தில்.

“என்ன அலுவலா வாறீங்க தம்பி?” என்று கேட்டார்.

“காணி அலுவல்” என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

அவர் தன் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ், கெட்டிக்காரி, அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரம் எழுதப் போகிறாள். “எங்கட புள்ளையளுக்கு இந்தக் கோட்டா இல்லாட்டி ஒண்டுமில்ல தம்பி. அதுக்குள்ளயும் வெளியாக்கள் வந்து பேரப் போட்டுட்டுப் போறாங்க. ஒருத்தன் வந்தா இஞ்ச ஒரு புள்ளட இடம் போகுது. அவனுகளுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கா சொல்லுங்க பாப்பம்?”

ரொட்டியை மடித்துக் கடதாசியில் வைத்தேன். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதிலும்கூட.

மட்டக்களப்புப் பட்டினத்தில் இறங்கி இருவரும் ஒரே ஓட்டோவில் போனோம். கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், அதிலும் இராணுவக் காவல், சென்றி. வாவி சாப்பாட்டுத் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. நாவற்குடா தாண்டி, காத்தான்குடியில் தன் கடைவாசலில் இறங்கியவர் ஓட்டோக் கூலி முழுவதையும் தானே கொடுத்துவிட்டார். “அடுத்தமுற மகளையும் கூட்டிட்டு வாங்க, உடுப்பு எடுத்துத் தாறன்” என்றார். நான் விலாசம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆரையம்பதியில் இருக்கிற வீடு என் மனைவியுடையது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் கட்டுகிறவன் வந்து அந்த வீட்டில் இருக்க வேண்டும். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். கட்டிய கையோடு மனைவியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. சுனாமிக்குப் பிறகு அதில் தவமணி இருக்கிறாள். என் மனைவியின் சின்னம்மா மகள். கடலோரத்தில் இருந்த தன் சீதன வீட்டையும் புருஷனையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மகளோடும் ஒரு சொப்பிங் பையோடும் வந்து கேட்டாள். இருக்கட்டும் என்றோம். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடமாக நாங்கள் எங்களை நல்ல மனிதர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

“வாங்க அத்தான், வாங்க. என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்டீங்க?” என்று தவமணி முற்றத்துக்கே ஓடிவந்தாள். நான் மெலியவில்லை. அவள்தான் பாதியாகியிருந்தாள். மகள் வினோதினி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவோரம் நின்றாள். என் மகளின் வயதுதான். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

வீடு நாங்கள் விட்டதைவிடத் துப்புரவாக இருந்தது. தவமணி விடியும்போதே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். வினோ சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அன்று எனக்காக வாவி இறால் வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சி, முருங்கையிலைச் சுண்டலும் வைத்திருந்தாள். தோகாவில் நான் தின்கிற ஐஸ் இறாலுக்குப் பத்து வருடமாக ருசி என்று பெயர் சொல்லி வந்திருக்கிறேன். மூன்று தடவை சோறு போட்டுத் தின்றேன். நான் எழும்பிய பிறகுதான் அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோது பார்த்தேன், அவர்கள் சோற்றுக் கோப்பையில் குழம்பு இருந்தது, இறால் இல்லை.

சாப்பிட்டு முடிய வினோ ஒரு கடதாசியோடு வந்தாள். சாதாரண தரப் பெறுபேறு. விஞ்ஞானமும் கணிதமும் ஏ. என் மகளுக்கு இரண்டிலும் பி. விடியக் காலையில் இடியப்பம் சுமந்து, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து இந்தப் பிள்ளை எடுத்த ஏ அது. நல்லது புள்ள, நல்லது புள்ள என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன்.

“பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில பயோ படிக்க எடுக்கிறம் எண்டு சொல்லிட்டாங்க பெரியப்பா. இருக்கிற இடத்துக்குக் கிராம சேவகர்ட கடிதம் மட்டும் வேணுமாம்” என்றாள் வினோ. “எங்கட பழைய இடத்து ஜீ.எஸ். எழுத மாட்டாராம். அங்க இப்ப வீடும் இல்ல, ஆளும் இல்ல. இஞ்சத்த ஜீ.எஸ். வீட்டுக்காரர்ட கடிதம் கொண்டாங்க எண்டுறார்.”

“நீங்க வாற மட்டும் பாத்துக்கொண்டிருந்தம் அத்தான்” என்றாள் தவமணி. “நாங்க இந்த வீட்டில இருக்கிறம் எண்டு ஒரு வரி.”

“அதுக்கென்ன, எழுதித்தாறன்” என்றேன். எவ்வளவு லேசாக வந்தது வாயில்.

“அபியும் பயோவா பெரியப்பா?” என்று வினோ கேட்டாள்.

ஓம் என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கிராம சேவகரைப் பார்க்கப் போனேன். ஜீ.எஸ். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யார் எங்கே வசிக்கிறார்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் அரசாங்கத்துக்கு அந்த மனிதர் அங்கே இருப்பதாகக் கணக்கு. கந்தோர் என்கிற அவருடைய அலுவலகத்தின் வாசலில் இடம்பெயர்ந்து வந்திருந்த சனம் முற்றம் நிறைய நின்றது. வாகரைப் பக்கத்து மனிதர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். “அரிசிக்கு அட்ட கேட்டா வதிவிடம் கொண்டா எண்டுறான். வதிவிடம் கேட்டா அட்ட கொண்டா எண்டுறான். நான் என்ன, ஆகாசத்திலயா இரிக்கன்?” சனம் சிரித்தது. நானும் பின்னால் நின்று சிரித்தேன். ஆனால் என் சப்பாத்தையும் கண்ணாடியையும் பார்த்த பியோன், “வெளிநாடா ஐயா? நீங்க உள்ளுக்குப் போங்க” என்று வரிசையைத் தாண்டி என்னை விட்டுவிட்டான். சனம் விலகி வழிவிட்டது. யாராவது மறித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜீ.எஸ். களைத்த மனிதர். பல நாள் தூங்காத முகம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப்போல் பலரைக் கண்டவர் போலிருந்தது.

“நீங்க இஞ்ச இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்” என்றார். “எண்டாலும் வீடு உங்கடதான். வீட்டில இப்ப இரிக்கிற ஆள், இவங்களும் எங்களோட இஞ்சதான் இரிக்காங்க எண்டு கையெழுத்து வச்சுத் தந்தா நான் எழுதலாம். பழைய பதிவு ஒண்டும் இல்ல எண்டு மேல கேப்பாங்க. சுனாமியில போயிட்டெண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுக்கொண்டு வாங்க. அதுக்கு மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

எங்கள் வீடு வாவிப் பக்கம். கடல் அங்கே வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் கடதாசிகள் வெள்ளவத்தையில், இரும்பு அலுமாரியில், கற்பூர உருண்டை போட்டுப் பத்திரமாக இருந்தன. ஆனாலும் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கிற ஒரு சமாதான நீதவானைத் தேடிப்பிடித்து, எமது குடும்ப ஆவணங்கள் யாவும் சுனாமிப் பேரலையில் அழிந்துவிட்டன என்று சத்தியம் செய்தேன். அவர் வயதான மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டு, “உயிர்ச்சேதம் ஒண்டும் இல்லத்தானே தம்பி?” என்று இரக்கமாகக் கேட்டார். இல்லை என்றேன். கடவுள் புண்ணியம் என்றார்.

அன்று பின்னேரம் தவமணி மாவை வறுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கடதாசியை நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவளோடு அந்த வீட்டில் வசிக்கிறோம் என்று அதில் இருந்தது. எங்கள் கடதாசிகள் சுனாமியில் போய்விட்டன என்றும் இருந்தது. உண்மையில் எல்லாம் போனவளிடம் அதற்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“அபி இஞ்சயா அத்தான் படிக்க வரப்போறா?”

“பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில பேர் மட்டும்தான் தவமணி. ஆள் கொழும்பில.”

“ஆ” என்றாள். அவள் படிப்பு அதிகமில்லாதவள், மண்டையில் ஒன்றுமில்லாதவள் அல்ல. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம், ஒரே வருடம், ஒரே மாவட்டம் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் பேனையைக் கேட்டாள். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு அவள் வேறென்ன செய்வாள்? மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டுதானே நான் கேட்டேன்.

கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, “வினோட கடிதத்தையும் மறந்துராதீங்க அத்தான்” என்று மட்டும் சொன்னாள்.

கடிதம் எழுதும் முன் மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சந்தியில் இருந்த கொமினிக்கேஷன் கடைக்குப் போய்ப் போன் எடுத்தேன். அபியின் அலுவல் சரி என்றதும் அவளுக்குச் சந்தோஷம். வினோவின் கடிதம் என்றதும் குரல் மாறிவிட்டது.

“உங்களுக்கென்ன விசரா? இருக்கிறாங்கள் எண்டு எழுத்தில குடுத்தா நாளைக்கு எழும்ப மாட்டாங்கள். அது நாளைக்கு அபிட சீதன வீடு. தவமணி நல்லவள், நான் இல்லையெண்டு சொல்லல்ல. நாளைக்கு வாற மருமகன் நல்லவனா இருப்பான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“அந்தப் பிள்ளைக்கு அட்மிஷனுக்குத்தானே கேக்கிறாங்கள்.”

“அப்ப தற்காலிகமா எண்டு போட்டு எழுதுங்க. உரிமை ஒண்டும் இல்லையெண்டும் போடுங்க. எழுத மாட்டன் எண்டா சொல்றம்? எழுதிக் குடுப்பம். புத்தியா எழுதிக் குடுப்பம்.”

மனைவியின் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அப்போதே பத்து வருடம் கத்தாரில் இருந்தவன் நான். என் அட்டையில் இன்றுவரை தற்காலிக வதிவிட அனுமதி என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல் ஒரு மனிதனை எப்படி விரட்டிக்கொண்டே இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டே அதை நல்ல கையெழுத்தில் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். தவமணிக்கு வாசித்துக் காட்டவில்லை.

கடைசி நாள் காலை மூன்று பேருமாகக் கந்தோருக்குப் போனோம். கையெழுத்து வைத்தவர் நேரில் வரவேண்டும் என்று ஜீ.எஸ். சொல்லியிருந்தார். வினோ பள்ளிக்கூடச் சீருடையில், தலையை இழுத்துப் பின்னி, பெறுபேற்றுக் கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போய்ப் பதிவதாக ஏற்பாடு.

ஜீ.எஸ். என் மகளுக்கான கடதாசியை முதலில் வாசித்தார். அது அவருடைய பழக்கம் போலும், வாய்விட்டே வாசித்தார். “செல்வி அபிராமி பெற்றோருடன் மேற்படி விலாசத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறார். சரி.” அதை மேசையின் இடது பக்கம் வைத்தார். பிறகு நான் ஒட்டிய உறையைக் கிழித்தார்.

“செல்வி வினோதினியும் தாயாரும் எனது அனுமதியின் பேரில் மேற்படி விலாசத்தில் தற்காலிகமாகத் தங்கியுள்ளனர். அவர்களுக்கு இவ்வீட்டில் எவ்வித உரிமையும் இல்லை.”

வாசித்துவிட்டு அதை வலது பக்கம் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் தவமணியின் பக்கம் திரும்பவில்லை.

“ஐயா, தற்காலிகமெண்டா இடம்பெயர்ந்த ஆக்கள் கணக்கிலதான் நான் எழுதலாம்” என்றார். “அப்பிடி எழுதினா பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில எடுக்க மாட்டாங்க. இடம்பெயர்ந்த புள்ளைகளுக்கெண்டு ஒதுக்கின பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும். அங்க பயோ இல்ல. ஆட்ஸ், கலைப் பாடம் மட்டும்தான். தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”

தெரியாது. சத்தியமாக அந்த நிமிடம்வரை தெரியாது. ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே. பேனை என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு சொல்லை வெட்டி ஒரு கையெழுத்து வைத்தால் போதும்.

ஜீ.எஸ். இரண்டு கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினார். “ஒரே விலாசம். கொழும்பில இரிக்கிற உங்கட மகள் இஞ்ச நிரந்தரம். இஞ்ச இரிக்கிற இந்தப் புள்ள தற்காலிகம். இப்பிடியே பதியட்டா?”

வீட்டை நினைத்தேன். வரப்போகிற மருமகனை நினைத்தேன். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தேன். இன்னொன்றையும் நினைத்தேன். அதை எழுத இத்தனை வருடம் கழித்தும் கை கூசுகிறது. இரண்டு பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளை பயோ செய்யாவிட்டால், அபிக்கு ஒரு ஆள் குறைவு.

“ஓம்” என்றேன்.

அவர் இரண்டிலும் முத்திரை குத்தினார். நான் எழும்பி வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து வினோ, “பெரியப்பா, அபிட கடிதத்த விட்டுட்டு வாறீங்க” என்று கொண்டுவந்து என் கையில் தந்தாள். மற்றதை அவள் தன் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வெயிலில் நின்று தவமணி மகளுக்குச் சொன்னாள்: “பெரியப்பாவுக்கு இப்ப வசதியில்ல போல. மறுகா மாத்தித் தருவார்.” எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா, பிள்ளை அழக்கூடாது என்று சொன்னாளா, தெரியாது. மாத்தித் தாறன் என்று நானும் சொன்னேன். மத்தியானப் பஸ்ஸுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தாள். வெலிக்கந்தைச் சோதனையில் சிப்பாய் அந்தப் பார்சலைத் திறக்கச் சொல்லி, பார்த்துவிட்டு, நல்ல வாசம் என்றான்.

நான் மாற்றிக் கொடுக்கவில்லை. தோகாவுக்குப் போய் மூன்று மாதம் கழித்து நினைவு வந்தபோது தவணை தொடங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அபியின் பெயர் இரண்டு வருடம் அந்தப் பள்ளிக்கூட இடாப்பில் இருந்தது. சண்டை முடிந்த வருடம் உயர்தரச் சோதனை எழுத அவள் மட்டக்களப்புக்குப் போனாள். நான்கு கிழமை தவமணிதான் சமைத்துப் போட்டிருக்கிறாள். கட்டிலை அபிக்குக் கொடுத்துவிட்டு வினோ பாயில் படுத்திருக்கிறாள். அவளுக்கும் அப்போது சோதனைதான், கலைப் பாடங்கள். புள்ளி வந்தபோது கொழும்பென்றால் கிடைத்திராத மருத்துவ இடம் என் மகளுக்கு மட்டக்களப்புக் கணக்கில் கிடைத்தது, பட்டியலின் கடைசிக்குக் கொஞ்சம் மேலே.

பல்கலைக்கழகக் கடிதம் நிரந்தர முகவரிக்குத்தானே போகும். ஆரையம்பதிக்குப் போனது. தவமணி போன் எடுத்தாள். “போஸ்ட்மேன் வினோக்கெண்டு நினைச்சு, டாக்டரம்மா எண்டு கூப்பிட்டுக் குடுத்திட்டுப் போனார் அத்தான். நாங்க ஒண்டும் சொல்லல்ல. வினோ பதிவுத் தபால்ல போட்டிருக்கிறா, பத்திரமா வரும். அபிக்கு எங்கட வாழ்த்தச் சொல்லுங்க.” குத்திக்காட்டுகிற குரலில்லை. நான் லீவில் வெள்ளவத்தை வீட்டில் இருந்தேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. வெளி உறையில் வினோவின் எழுத்து, அச்சடித்ததுபோல். வீட்டில் கேக் வெட்டினோம். எல்லோரும் போன பிறகு அபி அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, வினோ என்னைவிடக் கெட்டிக்காரி. நான் சோதனைக்குப் போயிருந்தப்ப என்ட கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை எடுத்துத் தானா வாசிச்சு எனக்கே விளங்கப்படுத்தினவ. ஏன் அவ பயோ செய்யல்ல?”

“அவவுக்கு விருப்பமில்லையாக்கும்” என்றேன்.